கிராண்ட் பியானோவுக்குச் சுத்தியல் மாற்றப் போய் நான் இழந்த ஏழு மாதமும் 1,200 டொலரும்

பழைய கிராண்ட் பியானோ ஒன்றுக்குப் புதுச் சுத்தியல் போடுவது எப்படி என்று தமிழில் தேடியபோது எனக்கு ஒரு வரிகூட அகப்படவில்லை. ஆங்கிலத்தில் இருந்தவையெல்லாம் தொழில் தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. அதில் பாதி எனக்கு விளங்கவில்லை, விளங்கிய பாதியை வைத்து வேலையைத் தொடங்கினேன், கெடுத்தேன், பிறகு முதலிலிருந்து திரும்பச் செய்தேன். ரொறன்ரோவில் எங்கள் ஆட்களின் வீடுகளில் இப்போது நிறையப் பிள்ளைகள் பியானோ பழகுகிறார்கள், பழைய கிராண்ட் பியானோக்களை இலவசமாகக் கொடுக்கிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னைப்போல இன்னொருவர் துணிந்து இறங்கினால் அவருக்காவது இது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஸ்காபரோவில் சமையலறை அலுமாரி செய்கிற பட்டறையில் வேலை செய்கிறேன். அப்பா நெல்லியடியில் தச்சு வேலை செய்தவர். அதனால் மரம், பசை, அளவு எல்லாம் எனக்குப் பழக்கம் என்ற நம்பிக்கை இருந்தது. மகள் ரோயல் கொன்சர்வேற்றரி இசைப் பரீட்சையின் ஆறாம் தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். 2023 செப்டம்பரில் எங்கள் தெருவில் வீடு விற்றுக்கொண்டு போன ஒரு வயதான அம்மா தன் பியானோவை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஹைன்ட்ஸ்மன் கிராண்ட், ஏறத்தாழ நூறு வயது. 1860களில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் ரொறன்ரோவில் தொடங்கிய கொம்பனி அது, மேற்கே ஜங்ஷன் பகுதியில் அவர்களுக்குப் பெரிய தொழிற்சாலை இருந்தது. இந்த ஊரிலேயே பிறந்த பியானோ என்றதும் எனக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. தூக்கிக்கொண்டுவர 450 டொலர் கொடுத்தேன். பெட்டியும் ஒலிப்பலகையும் நல்ல நிலையில் இருந்தன, கம்பிகளைப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு மாற்றியிருந்தார்கள். சுத்தியல்கள்தான் முடிந்துபோயிருந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் கம்பி வெட்டிய பள்ளம், உயர்ந்த சுரங்களில் சுத்தியலைச் சுற்றியிருக்கிற ஃபெல்ட் என்கிற அழுத்திய கம்பளி ஒரு தடித்த மட்டை அளவுக்குத் தேய்ந்து, அடித்தால் தகரத்தில் தட்டுகிற மாதிரிச் சத்தம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டையை அழுத்தினால் அதன் பின்பாதி மேலே எழும்பி ஒரு நெம்புகோல் கூட்டத்தைத் தள்ளும், அது சுத்தியலைக் கம்பியை நோக்கி எறியும். இந்த முழுத் தொகுதிக்கும் ஆக்‌ஷன் என்று பெயர், கிராண்டில் அது கட்டைகளோடு சேர்த்து ஒரு மேசை லாச்சி மாதிரி முன்பக்கமாக வெளியே வரும். சுத்தியலின் தலை ஒரு மெல்லிய மரத்தண்டில் ஒட்டியிருக்கும். தண்டின் மறு முனையில் ஃப்ளாஞ்ச் என்கிற சிறு மரத்துண்டு, அதற்குள் ஒரு ஊசி. அந்த ஊசிதான் அச்சு. வாசிக்கிறவரின் பக்கத்தில் அச்சு, தூரப் பக்கத்தில் தலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக்‌ஷனை வெளியே இழுக்கும்போதே முதல் அடி விழுந்தது. இழுக்கிற நேரத்தில் ஒரு கட்டையிலும் கை படக்கூடாது. பட்டால் அந்தச் சுத்தியல் எழும்பி மேலே இருக்கிற பெரிய மரக்கட்டையில் மாட்டும், நீங்கள் இழுக்க இழுக்கத் தண்டு முறிந்துபோகும். என் மகன் பக்கத்தில் நின்று உதவுகிறேன் என்று ஓரத்தில் விரலை வைத்தான், டக்கென்று ஒரு சத்தம். எப்படியும் தண்டெல்லாம் மாற்றப்போகிறேன் என்றபடியால் பெரிய நட்டமில்லை, ஆனால் புதுச் சுத்தியல் போட்ட பிறகு இது நடந்தால் வயிறு எரியும். இப்போது வீட்டில் ஆக்‌ஷன் வெளியே வரும்போது நான் ஒருவன்தான் அருகில் நிற்பேன், இரண்டு கையும் கட்டைகளுக்குக் கீழே உள்ள சட்டத்தில்தான் இருக்கும்.

உண்மையான பிழை ஓர்டர் கொடுத்தபோது நடந்தது. சுத்தியல்களைத் தண்டு நுழைகிற துளை போட்டும் வாங்கலாம், போடாமலும் வாங்கலாம். என்னிடம் துளை போடுகிற கருவி இல்லை, அதனால் போட்டுத் தரச் சொன்னேன். சுத்தியல் வரிசை இடைவெளி விட்டுப் பகுதி பகுதியாக நிற்கும். கடைக்காரர் ஒவ்வொரு பகுதியிலும் முதலும் கடைசியுமான பழைய சுத்தியல்களைத் தபாலில் அனுப்பச் சொன்னார், அதைப் பார்த்து அதே மாதிரிச் செய்து தருவதாகச் சொன்னார். நான் அப்படியே அனுப்பினேன். துளையின் நடுவிலிருந்து சுத்தியலின் உச்சி வரை உள்ள நீளம்தான் இதில் உயிர். என் பழைய சுத்தியல்கள் நூறு வருடம் தேய்ந்தவை, இடையில் யாரோ பள்ளம் போக அரத்தாள் போட்டும் தேய்த்திருக்கிறார்கள். உயர்ந்த சுரங்களில் மூன்று மில்லிமீற்றர் குறைந்திருந்தது. அந்தக் குறையை அப்படியே பிரதியெடுத்துப் புதுச் சுத்தியல் செய்து வாங்கினேன், 690 டொலர். புதுத் தண்டும் ஃப்ளாஞ்சும் 88, அதற்கு 780 டொலர்.

தேய்ந்த செருப்பை வைத்துக் காலுக்கு அளவெடுக்கக்கூடாது என்று தெரியாதவனா நான். அலுமாரிக்கு அளவெடுக்கப் போனால் பழைய அலுமாரியை நம்பமாட்டேன், சுவரைத்தான் அளப்பேன். அந்தப் புத்தி அன்று வரவில்லை. செய்யவேண்டியது இதுதான்: ஆக்‌ஷனை வெளியே எடுத்துவிட்டு, அது இருந்த தட்டிலிருந்து கம்பி வரை உள்ள உயரத்தைச் சுத்தியல் படுகிற இடத்தில் அளக்கவேண்டும். பிறகு ஆக்‌ஷனை நல்ல சமமான மேசையில் வைத்து, அதே தளத்திலிருந்து ஃப்ளாஞ்சின் ஊசி வரை உள்ள உயரத்தை அளக்கவேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் துளைநீளம். எனக்கு உச்சி சுரத்தில் கம்பி 193, ஊசி 145.5, ஆகவே 47.5 மில்லிமீற்றர். அந்தக் கணக்கில் செய்தால் சுத்தியல் கம்பியைத் தொடுகிற கணத்தில் தண்டு கம்பிக்குச் சமாந்தரமாகவும் தலை செங்குத்தாகவும் நிற்கும். நான் வாங்கியது 44.5. ஒவ்வொரு பகுதியின் இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள், ஏனென்றால் தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கம்பிகள் மற்றக் கம்பிகளுக்கு மேலால் குறுக்கே போகின்றன, அங்கே உயரம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் கூடும்.

சரி, பொதி வந்தது நவம்பர் நடுப்பகுதி. பெட்டியைத் திறந்தபோது இருந்த சந்தோசத்தைச் சொல்லவேண்டும். வெள்ளை வெளேரென்ற ஃபெல்ட், ஒவ்வொன்றிலும் இலக்கம், புது மரத்தின் வாசம். அந்த அவதியில் பழைய தண்டுகள் 88ஐயும் ஒரே பின்னேரத்தில் கழற்றிப் போட்டுவிட்டேன். பகுதிக்குப் பகுதி இரண்டு முனையிலும், தபாலில் போனவற்றுக்கு அடுத்து மிச்சமிருந்த ஒவ்வொன்றை அப்படியே விட்டிருந்தால், பழைய கோடு எங்கே ஓடியது என்பதற்கு எட்டுச் சாட்சி இருந்திருக்கும். சுத்தியலின் இடம் போனபிறகு அதைத் திரும்பக் கண்டுபிடிக்க எனக்குக் காதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. ஒரு புகைப்படம்கூட எடுத்திருக்கவில்லை.

ஊசியிலிருந்து துளையின் நடுவரை 130 மில்லிமீற்றர் என்று எங்கோ படித்தேன். பெரும்பாலான கிராண்டுகளில் அது உண்மையும்தான். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தண்டு ஒவ்வொன்றிலும் பென்சிலால் 130இல் கோடு போட்டு, ஒன்றாம் இலக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனேன். பட்டறையில் பாவிக்கிற அதே மஞ்சள் மரப்பசை. பேஸ்மன்ட் குளிர், பசை இறுகப் பிந்தியது, நான் அடுத்ததுக்குப் போன பிறகு முந்தியது தன் பாட்டில் மெல்லச் சுழன்று ஒரு பக்கம் சாய்ந்தது. திரும்பிப் போய் நிமிர்த்துவேன், அதற்குள் புதியது சாயும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தால் ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீற்றர் பிழை வரும், பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டு வைத்தால் பிழை பிழையோடு சேர்ந்து வளரும். நாற்பதாவது சுத்தியலுக்கு வந்தபோது கண்மட்டத்தில் பார்த்தேன், வரிசை பாம்பு போன தடம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அந்த இரவை நினைத்தால் இன்றும் எனக்குக் கவலையாக இருக்கிறது. மனைவி மாடிப்படியில் நின்று, "காணுமப்பா, நாளைக்குப் பாருங்கோ" என்றா. நான் இரண்டு மணி வரை ஒட்டினேன்.

தண்டுகளின் ஓட்டத்தையும் நான் பார்க்கவில்லை. புதுத் தண்டு நேராகத்தான் எழும்பும் என்று நினைத்தேன். தலை இல்லாத தண்டைக் கையால் மெல்லத் தூக்கிப் பார்த்தால் தெரியும், சிலது எழும்பும்போது இடமாகவோ வலமாகவோ விலகிப் போகும். அப்படிப் போனால் ஃப்ளாஞ்சுக்குக் கீழே, எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கத்தில், ஒரு மெல்லிய தாள் கீலம் வைத்துத் திருகாணியை இறுக்கவேண்டும். வலப்பக்கம் போகிறதென்றால் வலப்பக்கம் தாள். அந்தப் பக்கம் உயர்ந்து அச்சு நேராகிவிடும். இதைத் தலை ஒட்டுவதற்கு முன்பே செய்யவேண்டும். ஒட்டியபின் தாள் வைத்தால் ஓட்டம் நேராகும், ஆனால் தலை சாய்ந்துவிடும், பிறகு தண்டைச் சூடு காட்டி முறுக்கித் தலையை நிமிர்த்த வேண்டிவரும். புதுத் தண்டை அப்படிச் சூடாக்க எனக்கு மனம் வரவில்லை, ஆனால் முதல்முறை பதினொன்றுக்கு அதைச் செய்தேன்.

டிசம்பர் கடைசியில் ஆக்‌ஷனை உள்ளே தள்ளி மகளைக் கூப்பிட்டேன். நடுப்பகுதி பரவாயில்லை, புது ஃபெல்ட்டின் மென்மை கேட்டது. அவள் வலப்பக்கம் போகப் போகச் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. கடைசி ஒன்றரை ஸ்தாயியில் சுரமே இல்லை, மரத்தில் விரலால் தட்டுகிற ஓசை மட்டும்தான். "அப்பா, முதலே நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "பழகப் பழகச் சரியாகும் என்ன" என்றாள். பிள்ளை என்னைத் தேற்றவேண்டி வந்தது. நான் பேஸ்மன்டுக்குப் போய் விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.

அடுத்த இரண்டு மாதமும் நோய் தெரியாமல் மருந்து கட்டினேன். கம்பி பழசு என்று நினைத்து மேலே ஆறு கம்பி மாற்றினேன். ஃபெல்ட் மென்மை கூடிப்போச்சு என்று நினைத்து உச்சியை அரத்தாளால் தேய்த்தேன், அது ஏற்கெனவே குறைவாக இருந்த நீளத்தை இன்னும் குறைத்தது. கம்பியைச் சுத்தியல் அடிக்கிற இடம்தான் காரணம் என்று நினைக்கவே இல்லை, ஏனென்றால் 130 சரி என்று என் மனம் முடிவு கட்டியிருந்தது. ஒரு வேலையில் பிழை வந்தால், மிக உறுதியாக நம்புகிற அளவைத்தான் முதலில் திரும்ப அளக்கவேண்டும். நான் அதைக் கடைசிக்கு விட்டேன்.

பெப்ரவரி கடைசியில், வெட்கத்தை விட்டு, ஒரு வயதான பியானோ தொழில்நுட்பரைக் கூப்பிட்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு 120 டொலர். நான் இந்த வேலையில் செலவழித்த காசில் நட்டமில்லாத காசு அதுதான், நவம்பரிலேயே கூப்பிட்டிருக்கவேண்டும். அவர் வந்து உச்சி சுரத்தை இரண்டு தரம் அடித்தார். வேறொன்றும் பேசவில்லை. கட்டைவரிசையின் இரண்டு முனையிலும் ஆக்‌ஷனைப் பிடித்து வைத்திருக்கும் மரத்துண்டுகளைக் கழற்றினார், ஒரு கையால் கடைசிக் கட்டையைத் தட்டிக்கொண்டே மறு கையால் முழு ஆக்‌ஷனையும் மெல்ல உள்ளே தள்ளினார். டொக், டொக், டொக் என்று வந்துகொண்டிருந்த சத்தம் இரண்டு மில்லிமீற்றர் உள்ளே போனதும் டிங் என்று திறந்தது. கோயில் மணியின் நாக்கு சரியான இடத்தில் பட்டமாதிரி. திரும்ப வெளியே இழுத்தார், மணி அடங்கி டொக். நான் அவருக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தபடி நின்றேன்.

பிறகு விளக்கினார். உச்சி சுரத்தில் கம்பியின் ஒலிக்கிற நீளமே ஐந்து சென்ரிமீற்றர் அளவுதான். கம்பியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற இரும்புச் சட்டத்துக்குக் கேப்போ பார் என்று பெயர். அதிலிருந்து சில மில்லிமீற்றர் தள்ளித்தான் சுத்தியல் படவேண்டும். நடுப்பகுதியில் கம்பி நீளத்தின் எட்டில் ஒரு பங்கு போன்ற இடத்தில் அடி விழும், அங்கே ஒரு மில்லிமீற்றர் கூடக்குறைய இருந்தால் காதுக்குத் தெரியாது. உச்சியில் ஒரு மில்லிமீற்றர் என்றால் வேறு பியானோ. என் துளைநீளம் மூன்று மில்லிமீற்றர் குறை என்பதால், கம்பியைத் தொடுவதற்குத் தண்டு சமாந்தரத்தைத் தாண்டி மேலே போகவேண்டி வந்தது. அச்சு வாசிக்கிறவர் பக்கம் இருக்கிறபடியால், தலை அப்படிக் கூடுதலாக எழும்பும்போது நுனி வாசிக்கிறவரை நோக்கிச் சாயும். 130 மில்லிமீற்றர் தண்டில் மூன்று மில்லிமீற்றர் ஏற்றம் என்றால் நுனி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் முன்னால் வரும். அதோடு இந்தப் பியானோவுக்கு உச்சியில் 130 பொருந்தவில்லை, 131 தேவை. இரண்டும் சேர்ந்து என் சுத்தியல்கள் கேப்போ பாருக்கு இரண்டு மில்லிமீற்றர் கூடக் கிட்டப் போய் அடித்துக்கொண்டிருந்தன.

"அப்படியென்றால் ஆக்‌ஷனை இரண்டு மில்லிமீற்றர் உள்ளே வைத்துவிட்டால் முடிந்ததே?" என்று கேட்டேன். காசு போகாமல் தப்ப வழி பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். கட்டைகளின் பின்முனைதான் டாம்பர்களை, அதாவது கம்பியின் சத்தத்தை அடக்கும் ஃபெல்ட் துண்டுகளை, தூக்குகிறது, அந்தத் தொடுபுள்ளி மாறும். முன்பக்கத்தில் கட்டைகளுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி விழும். அதெல்லாம் சமாளித்தாலும் தலைகள் செங்குத்தாக அடிக்கப்போவதில்லை, வரிசை நேராகப்போவதும் இல்லை. "நீங்கள் மரவேலைக்காரர், கோணலான கதவுக்கு நிலையை வெட்டுவீர்களா?" என்று கேட்டார். அதற்குமேல் நான் பேசவில்லை.

கழற்றுவது ஒட்டுவதைவிடப் பெரிய வேலை. விலங்குத் தோலில் காய்ச்சுகிற பழைய காலத்து வச்சிரப் பசையாக இருந்திருந்தால், கொஞ்சம் சூடும் மதுசாரமும் காட்ட வெடித்து விட்டுக்கொடுத்திருக்கும். என் மஞ்சள் பசை விடவில்லை. சுத்தியல் எப்படியும் எறிகிறதுதான் என்று, தலையின் மரத்தைக் குறட்டால் நசுக்கிப் பிளந்து தண்டைக் காப்பாற்றப் பார்த்தேன். 52 தண்டு தப்பியது, 36 முறிந்தது. தனித்தனியாக வாங்கினால் ஒன்று 14 டொலர், ஆக 504. புதுச் சுத்தியல் இன்னொரு தொகுதி 690. அந்த இரண்டும் சேர்ந்த 1,194 டொலர்தான் நான் வீணாக்கியது. மாற்றிய கம்பியையும் என் நேரத்தையும் அதில் சேர்க்கவில்லை. வெள்ளை ஃபெல்ட் துண்டு துண்டாகக் குப்பைப் பையில் விழுந்ததைப் பார்க்க ஏலாமல் கடைசி இருபதை மகனிடம் செய்யச் சொன்னேன்.

இரண்டாம் தரம் ஆறுதலாகச் செய்தேன். தொகுதி ஓர்டர் கொடுத்தபோது பழைய சுத்தியல் ஒன்றும் அனுப்பவில்லை, கம்பி உயரமும் ஊசி உயரமும் எழுதிய ஒரு தாளும், பேஸ் சுத்தியல்களின் சாய்கோணமும் அனுப்பினேன். பேஸ் கம்பிகள் சரிந்து ஓடுகிறபடியால் அங்கே தலையும் தண்டுக்குச் சரிவாக ஒட்டப்படும், கோணம் பிழைத்தால் தலைகள் ஒன்றோடொன்று உரசும். சுத்தியல்கள் வந்ததும் முதலில் வால்களைச் சீர்செய்தேன். தலையின் கீழ்ப்பக்கத்து வால்தான் அடித்துத் திரும்பி வரும்போது பின்னால் நிற்கிற தோல் கட்டையில் பிடிபடுவது. என்னுடையதைத் தண்டின் நடுவிலிருந்து 25 மில்லிமீற்றருக்கு வெட்டி, வளைவு கொடுத்து, அரத்தால் சொரசொரப்பாக்கினேன். வால் நீளம் கூடினால் மேலே போகும்போதே தோலில் உரசும், குறைந்தால் பிடிபடாமல் சுத்தியல் துள்ளும். தனித் தலையில் இரண்டு நிமிடத்தில் முடிகிற இதை, தண்டில் ஒட்டியபின் செய்வதென்றால் உயிர் போகும்.

பிறகு 88 தண்டையும் ஓட்டம் பார்த்துத் தாள் வைத்து, கம்பிகளுக்கு நேரே இடைவெளி பிரித்து இறுக்கினேன். இதுமட்டும் இரண்டு சனி ஞாயிறு. தலை ஒவ்வொன்றும் தண்டில் மெல்லிய இறுக்கத்தோடு போய்வரவேண்டும். தள்ளினால் போகவேண்டும், விட்டால் நிற்கவேண்டும். இறுக்கம் கூடியவற்றின் துளையைச் சிறு ரீமரால் ஒரு சுற்று விரித்தேன்.

அடுத்தது இடம் தேடுவது. முதலில் அந்த இரண்டு முனை மரத்துண்டுகளையும் திருகாணி போட்டு இறுக்கினேன், அவை இல்லாமல் ஆக்‌ஷன் எங்கே நிற்கிறது என்பதற்கு ஒரு நிச்சயமும் இல்லை, நீங்கள் கேட்கிற சுரமும் பொய். மேல் கம்பிகளை நன்றாகச் சுருதி சேர்த்தேன். 88ஆவது தலையைப் பசையில்லாமல் தண்டில் செருகி, 129இல் வைத்து அடித்தேன். ஆக்‌ஷனை வெளியே எடுத்து அரை மில்லிமீற்றர் தள்ளி, திரும்ப உள்ளே விட்டு அடித்தேன். 130இல் சுரம் தலைகாட்டியது. 130.5இல் வந்தது. 131இல் நிறைவாக, நீளமாக நின்றது. 131.5இல் கொஞ்சம் மங்கியது. திரும்ப 131. கண்ணை மூடிக்கொண்டு மகளை அடிக்கச் சொன்னேன், அவளுக்கு எந்த அளவு என்று தெரியாது, அவளும் அதையே தெரிவு செய்தாள். இதேபோல 84, 80, 76இலும் செய்தேன். கீழே போகப் போகக் காதுக்கு வித்தியாசம் குறைந்தது, 80இலும் அதற்குக் கீழேயும் 130 போதும் என்று தெரிந்தது. கடைசி எட்டுச் சுரங்களில் மட்டும் கோடு மெல்ல வெளியே வளைந்தது. உங்கள் பியானோவில் அது நேராகவும் இருக்கலாம், வேறு பக்கம் வளைந்தும் இருக்கலாம். என் எண்ணைப் பார்த்து ஒட்டவேண்டாம்.

ஒவ்வொரு பகுதியிலும் முதல் சுத்தியலையும் கடைசிச் சுத்தியலையும் மட்டும் ஒட்டி ஒரு இரவு விட்டேன். மூலைமட்டம் பிடித்து அவை நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பார்த்தேன். பிறகு சுவர் கட்டுகிறவர்கள் நூல் பிடிக்கிற மாதிரி, அந்த இரண்டுக்கும் நடுவில் நேரான ஒரு மரச்சட்டத்தைப் பிடித்து, இடையில் உள்ளவற்றை அதில் முட்ட வைத்து ஒட்டினேன். ஒவ்வொன்றும் சட்டத்தைப் பார்க்கிறது, பக்கத்தில் உள்ளதைப் பார்ப்பதில்லை, அதனால் பிழை வளர வழியில்லை. வளைவுள்ள கடைசி எட்டுக்குச் சட்டம் உதவாது, அவற்றைக் காதால் கண்ட அளவுகளுக்கு நடுவில் பிரித்து ஒட்டினேன். பசை இந்தமுறை வச்சிரம். அப்பா பாவித்த அதே வச்சிரம்தான், சின்ன வயதில் அந்த மணத்துக்கு மூக்கைப் பொத்துவேன். தண்ணீரில் ஊறவிட்டு, 60 பாகையில் சூடாக வைத்திருக்கவேண்டும். துளைக்குள் கொஞ்சம், தண்டில் கொஞ்சம், தலையைச் சுழற்றியபடி ஏற்றி இடத்துக்குக் கொண்டுவந்தால் தண்டைச் சுற்றிப் பசை ஒரு சிறு வளையமாக நிற்கும். ஒரு நிமிடத்துக்குள் அது பிடித்துவிடும், சாயாது. அந்த ஒரு நிமிடம் காணாது என்று பயந்தேன், கைக்கு வந்தபின் அதுவே பெரிய நிம்மதி. அறையை மட்டும் சூடாக வைத்திருங்கள், குளிரில் பசை கை எடுப்பதற்குள் கட்டியாகும். நாளுக்கு ஒரு பகுதிக்கு மேல் ஒட்டவில்லை. பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவேன்.

இடது மிதியைப் பற்றியும் சொல்லவேண்டும், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதை மிதித்தால் முழு ஆக்‌ஷனும் வலப்பக்கம் நகரும், சுத்தியல் மூன்று கம்பியில் இரண்டைத்தான் அடிக்கும். இடைவெளியை மிதி மிதிக்காமல் மட்டும் பார்த்து ஒட்டினால், மிதித்தபோது சில தலைகள் பக்கத்துச் சுரத்தின் கம்பியை உரசும். எனக்கு இரண்டு உரசின. நல்லவேளை ஃப்ளாஞ்சைச் சற்றுத் திருப்பிச் சரிசெய்ய முடிந்தது.

பாரமும் பார்க்கவேண்டும். புது ஃபெல்ட் பழையதைவிடப் பாரம். தலையில் ஒரு கிராம் கூடினால் விரல் படுகிற இடத்தில் ஐந்து ஆறு கிராம் கூடும், நெம்புகோல் கணக்கு அப்படி. என்னிடம் அளவுக்கல் இருக்கவில்லை, ஒரு டொலர்க் குற்றிகளைப் பாவித்தேன். 2012இலிருந்து வருகிற குற்றி ஒன்று 6.27 கிராம், எட்டை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் 50 கிராம். கட்டையின் முன்முனையில் எட்டுக் குற்றி வைத்தால் அது மெல்ல இறங்கவேண்டும். நடுப்பகுதியில் பத்துக் குற்றி வைத்தும் சில அசையவில்லை. தலைகளின் பக்கவாட்டு மரத்தைச் சீவி ஒன்றொன்றிலும் கொஞ்சம் குறைத்தேன். ஒட்டுவதற்கு முன்பே நிறுத்துப் பார்த்துச் சீவியிருந்தால் பாதி நேரம் போதும்.

2024 யூன் இரண்டாம் கிழமை ஆக்‌ஷன் கடைசியாக உள்ளே போனது. மகள் கீழே இருந்து மேலே ஒவ்வொரு கட்டையாக அடித்துக்கொண்டு போனாள், நான் பக்கத்தில் நின்றேன். கடைசிக் கட்டையை அடித்துவிட்டு அவள் கையை எடுக்கவில்லை, அந்தச் சுரம் அடங்கும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பியானோவில்தான் ஆறாம் தரத்துக்குப் பழகினாள்.

அடுத்த குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி ஓடத் தொடங்கியதும் காற்று வரண்டு மரம் சுருங்கும் என்று அந்தத் தொழில்நுட்பர் எச்சரித்திருந்தார். 2025 ஜனவரியில் ஆக்‌ஷனை இழுத்து ஃப்ளாஞ்ச் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பதினாலு தளர்ந்திருந்தன. இறுக்கியபின் மூன்று தண்டுகளின் ஓட்டம் விலகியிருந்தது, புதுத் தாள் வைத்தேன். 88ஐ அளந்தேன், 131. கீலமாக வெட்டிய தாளும் அந்தத் திருப்புளியும் இப்போது பியானோ வாங்குக்கு உள்ளேயே இருக்கின்றன.